6 கடை, ஒரே பட்டியல்: தீபாவளி விளம்பரத்துக்கு வாடிக்கையாளர் எண்களை ஒன்றாகக் கொட்டலாமா?

பலகாரக்கூடை:
மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டிலிருந்தே ஆன்லைன் வியாபாரம் செய்கிற 6 பேர் இந்தத் தீபாவளிக்குச் சேர்ந்து விளம்பரம் போடுவதாகப் பேச்சு. முறுக்கு-அதிரசம், சேலை, கவரிங் நகை, பூஜை சாமான், தோசை மாவு, மூலிகை எண்ணெய். ஆளுக்குச் சுமார் 300 வாடிக்கையாளர் எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கூகள் ஷீட்டில் போட்டால் 1,800. அதை வைத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எல்லாருக்கும் செய்தி அனுப்பலாம், முகநூல் விளம்பரத்துக்கும் ஏற்றலாம் என்பது யோசனை. சரியா, தப்பா? காரணத்தோடு எழுதுங்கள். "பிஎம் தெப்பி" (தனிச் செய்தியில் சொல்கிறேன்) வேண்டாம், எல்லாரும் படிக்கட்டும்.

வலைவீசி:
தாராளமாகச் செய்யலாம். முகநூலில் கஸ்டம் ஆடியன்ஸ் என்று ஒன்று உண்டு. எண்களை ஏற்றினால் அந்த எண்ணில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும். அவர்களைப் போன்ற புது ஆட்களைத் தேட லுக்அலைக் எடுக்கவேண்டும் என்றால், ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது பொருந்தியிருக்க வேண்டும். தனியாக 300 எண்ணை ஏற்றி, அதில் பாதி பொருந்தினால் 150. ஒட்டியும் ஒட்டாத கணக்கு. 1,800 என்றால் 900, அது வேலைக்கு ஆகும்.

ஏற்றும்போது கவனம்: 012 என்று தொடங்கும் எண்ணை 6012 என்று மாற்றணும். எக்செல் முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு சிஎஸ்வி-யாகச் சேமியுங்கள். பாதிப் பேர் "பொருந்தவில்லை" என்று புலம்புவது இதனால்தான். எண் உங்கள் பிரௌசரிலேயே ஷா-256 முறையில் ஹாஷ் ஆன பிறகுதான், அதாவது அடையாளம் தெரியாத குறியீடாக மாறிய பிறகுதான் போகும். முகநூலை நடத்தும் மெட்டா உங்கள் பட்டியலைப் படிப்பதில்லை.

செலவு: நாளுக்கு 10 வெள்ளி, 14 நாள், 140. டிஜிட்டல் சேவை வரி 8% சேர்த்து 151.20. ஆறாகப் பிரித்தால் தலைக்கு 25 வெள்ளி 20 சென்.

கிராணி:
தம்பி கணக்கைச் சரியாகப் போட்டார், பொருளைத்தான் பார்க்கவில்லை. மளிகைக்கடைக்காரரின் 555 நோட்டில் தோட்டமே கடன் எழுதியிருக்கும். தீபாவளி வருகிறதென்று அந்த நோட்டை எதிர்க்கடைக்குக் கொடுப்பாரா?

லயத்து வீட்டுக்குக் கூரியர்காரர் போன் அடிக்காமல் வந்து சேரமாட்டார். அதற்காகத்தான் அந்த அம்மா எண் கொடுத்தார். முறுக்குக்காரரிடம் கொடுத்த எண்ணில் நாளைக்கு எண்ணெய்க்காரர் கூப்பிட்டால், "என் நம்பர் எப்படிக் கிடைத்தது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தின் (பிடிபிஏ) 8ஆம் பிரிவும் இதைத்தான் கேட்கிறது: வாங்கும்போது சொன்ன காரணத்துக்கு வெளியே, சொல்லாத ஆளிடம், சம்மதம் இல்லாமல் கொடுக்கக்கூடாது.

ஹாஷ் விஷயம். 01-இல் தொடங்கும் மலேசியக் கைப்பேசி எண்கள் மொத்தமே சில நூறு மில்லியனுக்குள் அடங்கும். கேம் விளையாடும் கம்ப்யூட்டர் ஒன்று அத்தனைக்கும் ஷா-256 போட்டு ஒப்பிட ஒரு நிமிடம் அதிகம். ஆகவே ஹாஷ் பட்டியல் கசிந்தால் எண் கசிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவிர, அதே எண்ணின் ஹாஷ் மெட்டாவிடம் ஏற்கெனவே இருப்பதால்தான் பொருத்தமே நடக்கிறது. படிக்க முடியாவிட்டால் யாருக்கு விளம்பரம் காட்டும்?

வலைவீசி:
அண்ணே, மெட்டாவிடம் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் புதிதாக என்ன போய்விட்டது?

இன்னொன்று. தரவு பாதுகாப்பு ஆணையரிடம் பதிவு செய்யவேண்டியது வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, நேரடி விற்பனை மாதிரியான வகுப்புகள்தான். வீட்டில் முறுக்கு சுடுகிறவர் அதில் இல்லை. பெரிய கம்பெனிக்கு எழுதிய சட்டத்தைச் சின்ன வியாபாரியின் தலையில் கட்டாதீர்கள். ஏற்கெனவே எஸ்எஸ்எம் (வணிகப் பதிவு), வரி, சுகாதாரம் என்று ஆயிரம் இருக்கிறது.

கிராணி:
புதிதாகப் போவது எண் அல்ல, எண்ணோடு ஒட்டிய செய்தி. "இந்த ஆள் மூலிகை எண்ணெய் வாங்குகிறார்" என்பது நீங்கள் ஏற்றும்வரை மெட்டாவுக்குத் தெரியாது.

பதிவு வேறு, சட்டம் பொருந்துவது வேறு. பதிவு செய்யாத வியாபாரிக்கும் வணிகப் பரிமாற்றம் என்றால் சட்டம் உண்டு. விலக்கு இருப்பது சொந்த, குடும்ப, வீட்டு விவகாரத்துக்கு. திருமணத்துக்கு அழைக்க எண் வைத்திருப்பதும் அதிரசம் விற்க எண் வைத்திருப்பதும் ஒன்றல்ல. 2024 திருத்தத்துக்குப் பிறகு கொள்கைகளை மீறினால் உச்ச அபராதம் 300,000-இலிருந்து 1,000,000 வெள்ளி, சிறை 2-இலிருந்து 3 வருடம். அது 1 ஏப்ரல் 2025 முதல். சிறுகடைக்கு அந்த உச்சம் விழும் என்று பயமுறுத்த வரவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். 1 ஜூன் 2025 முதல், பெரிய பாதிப்பு உண்டாக்கும் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்லணும். அதிலிருந்து 7 நாளுக்குள் வாடிக்கையாளருக்கும் சொல்லணும். 1,000 பேருக்கு மேல் என்றால் எண்ணிக்கையே போதும், ஆணையரிடம் சொல்லியாகணும். தனித்தனியாக 300 வைத்திருக்கும் 6 பேரும் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஒரே ஷீட்டில் 1,800 ஆனதும் 6 பேரும் மேலே. ஒருவர் பையனுடைய போன் தொலைந்தாலும் ஆறு வீட்டுக்கும் தலைவலி.

தராசு:
நீங்கள் இரண்டு பேரும் சட்டத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். அந்தப் பட்டியல் புலனத்தில் ஓடவே ஓடாது என்பதை யாரும் சொல்லவில்லை.

பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும். முறுக்குக்காரரின் வாடிக்கையாளர் சேலைக்காரரின் எண்ணைச் சேமித்திருக்கவே மாட்டார். அனுப்பிய பக்கம் ஒற்றை டிக்கோடு நிற்கும். அது போகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பத் தொடங்குவார்கள். அங்கேதான் வினை. தெரியாத எண்ணிலிருந்து வரும் முதல் செய்திக்கு அடியிலேயே "பிளாக்", "ரிப்போர்ட்" இரண்டும் இருக்கும். கொஞ்சம் பேர் அழுத்தினால் எண்ணே முடக்கப்படும். பெட்டியிலும் பேனரிலும் அச்சடித்த எண், தீபாவளிக்கு 10 நாள் முன்னால். ஆணையர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குரூப்பில் சேர்த்துவிடலாம் என்பார்கள். குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மோசடிக்காரன் ஒருவன் உள்ளே வந்து எண்களை அள்ளிப்போனால், அடுத்த வாரம் "பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது" என்று உங்கள் வாடிக்கையாளர்களுக்கே செய்தி போகும். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, சேனலிலும் அப்படித்தான். ஆறு பேரும் சேர்ந்து ஒரு சேனல் திறங்கள். அதன் லிங்க்கை அவரவர் தன் வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்பட்டும். வேண்டியவர் சேருவார். எண் எவர் கையையும் விட்டுப் போகாது.

முகநூலுக்கும் எண் தேவையில்லை. பொருளை வைத்து 30 வினாடி வீடியோ போடுங்கள். அதில் பாதிக்கு மேல் பார்த்தவர்கள், பக்கத்துக்குச் செய்தி அனுப்பியவர்கள், இவர்களை வைத்தே ஆடியன்ஸ் உருவாக்கலாம், 365 நாள் பின்னோக்கி எடுக்கும். நீங்கள் எதையும் ஏற்றுவதில்லை.

வலைவீசி:
அக்கா, புலனம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோ ஆடியன்ஸ் என்பது வெறுமனே வேடிக்கை பார்த்தவன். என் பட்டியல் காசு கொடுத்து வாங்கியவன். இரண்டும் ஒரே தரமா?

தராசு:
இல்லை, தரம் குறைவுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஊரில் காசு வீணாவது அங்கே இல்லை, விளம்பரம் காட்டும் வட்டத்தின் அளவில். டவுன் நடுவில் குத்தி 25 கிலோமீட்டர் போட்டால் சிம்மோரும் ஈப்போவின் ஒரு பகுதியும் உள்ளே வரும். ஆள் அதிகம் அங்கே, அதனால் 10 வெள்ளியில் பெரும்பகுதி அங்கேயே கரையும். 12-இல் நிறுத்துங்கள். பெற்றோருக்கு அனுப்பச் சொல்லி கேஎல், ஜோகூரிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பிள்ளைகளுக்குத் தனி விளம்பரம்.

மொழியில் தமிழ் என்று தேர்ந்தெடுக்காதீர்கள். நம் ஆட்களில் நிறையப் பேர் முகநூலை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருக்கிறார்கள். தமிழ் போட்டால் அவர்கள் கண்ணில் படாது. இனம், சமயம் சார்ந்த தேர்வுகளை மெட்டா 2022 ஜனவரியிலேயே எடுத்துவிட்டது. ஆகவே விளம்பரத்தின் வாசகமும் குரலும்தான் ஆளைப் பொறுக்கவேண்டும். முதல் 3 வினாடியில் தமிழ் கேட்டால் நிற்பவர் நிற்பார்.

எண்ணெய்ச்செக்கு:
ஒரு சந்தேகம். புலனம் பிசினஸில் லேபிள் போட்டு வைப்பது வழக்கம்: "சர்க்கரை", "மூட்டு வலி", "பிரஷர்". யாருக்கு எதை அனுப்புவது என்று தெரிய. இதிலுமா சட்டம்?

கிராணி:
இதில்தான் அதிகம். உடல்நிலை, சமயம், அரசியல் கருத்து ஆகியவை சட்டம் தனியாகக் காக்கும் சென்சிடிவ் தரவு. வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. லேபிளை "எண்ணெய் ஏ", "எண்ணெய் பி" என்று பொருளின் பேரில் மாற்றுங்கள். வாங்கிய பொருள் விற்பனைக் கணக்கு. நோய் உங்கள் கணக்கில் வரவேண்டாம். இன்னொன்றும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் எழுதினால் 1956 மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தனியாக வரும்.

அதோடு, அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஐசி (அடையாள அட்டை) எண் கேட்பதை விடுங்கள். 12 இலக்கத்தில் பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா மூன்றும் இருக்கிறது. ஒரு டின் முறுக்குக்கு எதற்கு அது?

பலகாரக்கூடை:
பழைய ஆர்டர் விவரத்தை எப்போது அழிப்பது? ஒருவர் உடனே அழி என்கிறார், ஒருவர் 7 வருடம் வை என்கிறார்.

வலைவீசி:
7 வருடம். வருமான வரிக்குப் பதிவேடு அவ்வளவு காலம் இருக்கணும். அழித்துவிட்டு வரித்துறை கேட்டால் என்ன காட்டுவீர்கள்? பிடிபிஏ-காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கிராணி:
சொல்வோம். 7 வருடம் வைக்கவேண்டியது ரசீதும் தொகையும் தேதியும். வீட்டு முகவரியும் பேங்க் இன் ஸ்லிப் படமும் போன் கேலரியில் 7 வருடம் கிடக்கவேண்டும் என்று எந்த வரி அதிகாரியும் கேட்கவில்லை. அந்த ஸ்லிப்பில் சில நேரம் கணக்கு எண்ணும் மிச்சமும் தெரியும்.

இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று கணக்கு: ரசீது எண், பெயர், தொகை, தேதி. 7 வருடம். மற்றது சலுகைச் செய்திக்கான பட்டியல்: எண், சம்மதம் சொன்ன தேதி, எங்கே சொன்னார். 24 மாதம் எதுவும் வாங்காதவரை எடுத்துவிடுங்கள். அதே சட்டத்தின் கீழ் வந்த 2015 தரநிலையும் செயலற்ற தரவை அழிக்க அந்தக் காலக்கெடுவைத்தான் வைத்திருக்கிறது. காகிதப் படிவம் என்றால் 14 நாளுக்குள் அழிக்கணும், சட்டப்படி தேவைப்படுவதைத் தவிர.

தராசு:
கிழித்துப் போடவேண்டிய இன்னொன்று கூரியர் சீட்டு. லைவில் பேக்கிங் காட்டும்போது பெயர், எண், முகவரி மூன்றும் கேமராவில் தெரிகிறது. கமெண்டில் எண் போடுபவர்களின் கமெண்டை உடனே மறைத்துவிடுங்கள்.

சீசனுக்கு உதவிக்கு வந்த பிள்ளை வேலை முடிந்து போன பிறகும் புலனத்தின் இணைந்த கருவிகளில் இருப்பார். 4 கருவி வரை இணைக்கலாம் என்பதால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் பட்டியலைத் திறந்து, தெரியாததை வெளியேற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் 6 இலக்கப் பின் எண்ணையும் மாற்றுங்கள்.

பலகாரக்கூடை:
சரி, ஷீட் யோசனையை விட்டுவிடலாம். அவரவர் பட்டியல் அவரவரிடம், சேனல் பொது. சம்மதம் கேட்கும் வாசகம் ஒன்று எழுதித் தர முடியுமா? வழவழ என்று வேண்டாம்.

கிராணி:
"உங்கள் பெயர், எண், முகவரி ஆகியவை பொருளை அனுப்பவும் பணத்தைச் சரிபார்க்கவும் வேண்டும், இல்லாமல் அனுப்ப முடியாது. கூரியர் நிறுவனத்தைத் தவிர யாருக்கும் கொடுக்கமாட்டோம். பார்க்க, திருத்த, அழிக்க இதே எண்ணில் கேட்கலாம். சலுகைச் செய்தி வேண்டுமானால் 'சரி' என்று பதில் அனுப்புங்கள். பிறகு வேண்டாம் என்றால் 'நிறுத்து'."

இதை ஆர்டரை உறுதிப்படுத்தும் செய்தியோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்று பொருள். தமிழ் நம் வசதிக்கு. சட்டம் கேட்பது மலாயும் ஆங்கிலமும், இரண்டும் வேண்டும்.

வலைவீசி:
அதில் "விளம்பரத்துக்காக உங்கள் எண்ணை முகநூலில் ஏற்றலாமா" என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த வருடம் என் முறையும் சட்டப்படி ஆகிவிடும் அல்லவா?

கிராணி:
ஆகும். ஆனால் தனிக் கேள்வியாக, தனிப் பதிலோடு. சலுகைக்குச் சொன்ன "சரி"யை இதற்கும் சேர்த்து எண்ணாதே தம்பி.

வலைவீசி:
அப்போது 300-இல் எத்தனை பேர் "சரி" சொல்வார்கள் என்று பார்ப்போம். 100 பொருந்தினால் போதும் எனக்கு.

பலகாரக்கூடை:
வாசகம் ஆறு பேருக்கும் ஒன்றா, ஆளுக்கொன்றா?

கிராணி:
ஆளுக்கொன்று. மேலே கடைப் பெயர், எஸ்எஸ்எம் பதிவு எண். மலாய் வடிவத்தை நாளை மாலை இங்கேயே போடுகிறேன்.