ஹீட்டர் ஓடியும் கேபினில் கால் விறைக்கிறதா? குளிர்கால டிராக்டர் அனுபவங்கள்

சஸ்காட்சுவான், மாட்டுப் பண்ணை

கனடாவின் இந்தப் பகுதியில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பதை யாரும் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. குளிர் ஏற ஏற மாட்டுக்குத் தீனி கூடுதலாக வேண்டும் என்பதால், காலையில் உருண்டைப் புல் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போடும் வேலைக்கு ஒரு நாளும் விடுமுறை கிடையாது. எங்கள் டிராக்டர் எண்பதுகளில் வந்தது. ஹீட்டர் விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் வாய்க் காற்று அளவுக்குத்தான் சூடு வரும். நான் விடும் மூச்சு கண்ணாடியின் உள்பக்கம் உறைந்துவிட, பழைய வங்கி அட்டையால் சுரண்டிக்கொண்டே ஓட்டுவேன்.

ஹீட்டரை மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒருவர்தான் தடுத்தார். இந்த ஹீட்டருக்கென்று தனி நெருப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட்தான் உள்ளே போய்த் திரும்புகிறது. ஆகவே அரை மணி நேரம் வேலை செய்தபின், போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டும் நன்றாகச் சுட்டால் கோளாறு காற்றுப் பக்கம்: ஃபில்டர், விசிறி, கதவு இடுக்கு. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினே சூடாகவில்லை. ஒன்று சுட்டு மற்றது சில்லென்று இருந்தால் ஓட்டம் இல்லை என்று பொருள்.

எங்களுடையது மூன்றாம் வகை. ஹீட்டருக்குக் கூலன்ட் விடும் எஞ்சின் பக்கத்து வால்வு திறந்தே இருந்தது. கேபிள் துருப்பிடித்து, உள்ளே நெம்புகோல் அசைந்தாலும் வால்வு அசையாத வண்டிகள் நிறைய உண்டு. அதனால் கேபினில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யாதீர்கள், இறங்கிப் போய்ப் பாருங்கள். இந்த டிராக்டரில் ஹீட்டர் கூரைக்குள் இருக்கிறது. கூலன்ட் ஏறும் இடங்களிலேயே மிக உயரமானது அதுதான் என்பதால் காற்று அங்கே போய் அடைத்துக்கொள்கிறது. ஏர் பிடித்த பம்புசெட்டில் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான்.

எஞ்சின் ஆறியிருந்தபோது ரேடியேட்டரை நிரப்பி, வால்வை முழுதாகத் திறந்து, மெதுவான ஓட்டத்தில் விட்டு, கூரையில் திரும்பும் ஹோஸின் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தினோம். முதலில் புஸ்ஸென்ற காற்று, பிறகு விட்டு விட்டுத் துப்பிய பச்சை நீர், கடைசியில் சீரான ஒழுக்கு. உடனே கிளிப்பை இறுக்கிவிட்டோம். சிந்திய கூலன்ட் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். நக்கினால் உயிரே போகலாம். துடைத்த துணியையும் வெளியே போடாதீர்கள்.

இப்போது வேலை நேரத்தில் கையுறை தேவையில்லை. ஆனால் நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சூடு இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் முன்னால் அட்டை வைத்துச் சமாளிக்கிறேன்.

மணிடோபா, மெக்கானிக்

அண்ணா, அட்டை விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் சூடு குறைவாகத்தான் தரும், அது அதன் இயல்பு. ஆனால் வேலை செய்யும்போதும் வெப்பமானி முள் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம். அட்டை அந்தக் கோளாறை மூடி மறைக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பது) உள்ள புது வண்டிகளில், கையேடு அனுமதித்தால் ஒழிய எதையும் வைத்து மூடக்கூடாது.

ஒருவர் ஹீட்டர் கோர் (கூலன்ட் சூட்டைக் காற்றுக்குத் தரும் பகுதி), வால்வு, விசிறி எல்லாம் மாற்றிவிட்டு எங்களிடம் வந்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது குளிர்ந்த நிலையிலேயே விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. சந்தேகம் இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித்தான் திறக்கத் தொடங்க வேண்டும்.

கூலன்டையும் சோதியுங்கள். அதில் உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். சஸ்காட்சுவானுக்கு 60 சதவீதம் கிளைக்கால் நல்லது. அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலப்பில்லாத கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்.

அல்பர்ட்டா, கோதுமைப் பண்ணை

எனக்கு இரண்டு ஹோஸும் கொதித்தன, காற்றுதான் வரவில்லை. விசிறிப் பெட்டியைத் திறந்தால் இருக்கைப் பஞ்சு, கயிற்றுத் துணுக்கு, உமி எல்லாம் சேர்த்து எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது! உடன் வேலை செய்தவன் ஊதுகுழாயை நீட்டினான், பிடுங்கிவிட்டேன். இந்தப் பக்கத்து மான் எலிகள் ஹான்டா வைரஸைப் பரப்பும். காய்ந்த புழுக்கை தூசியாகப் பறந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். கதவுகளைத் திறந்து காற்றாடவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அள்ளினோம்.

சஸ்காட்சுவான், மாட்டுப் பண்ணை

தம்பி, அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கட்டுகளைத் தூக்கும்போதும் முள் கால்வாசியைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் சொல்லிவிட்டேன்.

மணிடோபா, மெக்கானிக்

கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்குங்கள் அண்ணா, பழையது கழற்றும்போது கிழிந்துவிடும். மாட்டி முடித்ததும் மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருக்கும்.