சாமியைத் திட்டிவிட்டேன், மறுபடி விளக்கேற்றலாமா?

பலாத்தோப்பு:
வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எங்கள் ஊர் பண்ருட்டி. பலா சீசனில் தெருவே மணக்கிறது, பொட்டாசியம் ஏறிவிடும் என்று அவருக்கு ஒரு சுளைகூடக் கொடுக்க முடியவில்லை. தண்ணீரையும் பாட்டிலில் அளந்துதான் வைக்கிறேன். முந்தாநாள் ராத்திரி தாகம் தாங்காமல் ஈரத்துணியை உதட்டில் ஒற்றியபடி உட்கார்ந்திருந்தார். நேராகப் பூஜை அறைக்குப் போய், "உனக்குக் கண் இல்லையா?" என்று கத்திவிட்டேன். அதிலிருந்து விளக்கேற்றக் கை வரவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டதா?

நெய்தல்:
அக்கா, அப்பாவுக்கு நாலு வருஷம் பார்த்தவள் நான். சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள், தாகம் குறையும். சின்ன ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம், அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். சாமி விஷயம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் திட்டியிருக்கிறேன்.

பழைய வாத்தியார்:
அம்மா, திருவதிகை உங்களுக்குப் பக்கம்தானே. அப்பருடைய முதல் பதிகம் அங்கே பிறந்தது. அதில் துதியைவிட வயிற்றுவலிதான் முன்னால் நிற்கிறது: குடலை முடக்குகிறது, "ஆற்றேன் அடியேன்" என்கிறார். நாலாம் திருமுறையே அந்தக் கதறலில்தான் தொடங்குகிறது.

ஆனால் உங்களை நினைத்ததும் எனக்கு அவருடைய அக்கா திலகவதியார்தான் ஞாபகம் வந்தார். அப்பா, அம்மா போனார்கள். கல்யாணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக இருந்தார். அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விட்டான். அப்போதும் அந்த அம்மா விடியுமுன் கோயிலைக் கூட்டி மெழுகினார், தம்பியை மீட்டுத் தா என்று இறைவனிடம் முறையிட்டார். இரண்டையும் விடவில்லை. தம்பிக்குச் சூலை, அந்த வயிற்றுவலி, தீர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முறையிடுங்கள், அம்மா.

பலாத்தோப்பு:
அய்யா, திருவதிகைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்த அம்மா பட்டதை நினைத்துப் பார்த்ததில்லை. தங்கச்சி, இன்றைக்குக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டேன்.

இவர் இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இணைப்பு, போட்ட இடத்தைத் தினமும் தொட்டுப் பார்ப்பேன், ரத்தம் ஓடுவது விரலுக்கு விர்ரென்று தெரியும். இன்று காலையும் தெரிந்தது. அப்புறம் போய் விளக்கேற்றினேன். கோபம் இன்னும் இருக்கிறது, அதையும் அங்கேயே சொன்னேன்.