புதுப்பிப்பு: யார்க்கிற்கும் எடின்பரோவிற்கும் நடுவே டர்ஹாம்

ரயிலில் யார்க்கிலிருந்து எடின்பரோ செல்லும் வழியில், வட இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் இறங்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இறங்கச் சொன்ன அனைவருக்கும் நன்றி. 1093இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் பருத்த தூண்களில் நெளிவரிகளும் சாய்சதுரங்களும் அவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டிருப்பதால், அருகில் நின்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கியிருப்பது தெரிகிறது. மேற்குப் பக்கத் தரையில் பதித்துள்ள கறுத்த கல்வரிதான், துறவியர் காலத்தில் பெண்கள் தாண்டக்கூடாதென வகுத்த எல்லை; அதைக் கடந்து, ஏழாம் நூற்றாண்டுத் துறவியான புனித கத்பர்ட்டின் சமாதி வரை நடந்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

எதிரிலுள்ள கோட்டையில் பல்கலைக்கழக மாணவர்கள் வசிப்பதால், வழிகாட்டியுடன்தான் உள்ளே செல்ல முடியும். நேரம் போதாதென்றால் கோட்டையை விட்டுவிடலாம். பேராலயத்துக்குள், வரலாற்றாசிரியர் பீட் அடக்கமாகியுள்ள கலிலீ சிற்றாலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.