நிலத்தை எழுத உட்கார்ந்தால் வெறும் வருணனையே வருகிறது

கேள்வி:
சில ஆண்டுகள் சிறுகதைகள் எழுதிவிட்டு, இப்போது முதல் நாவலைத் தொடங்கியிருக்கிறேன். என்னை எழுத வைத்ததே ஒரு வறண்ட ஆற்றுப்படுகைதான். பள்ளி விட்டு அதன் குறுக்கே நடந்து வந்த நாட்களில்தான் வாக்கியங்கள் மனத்துக்குள் ஓடத் தொடங்கின. ஆனால் அந்த ஆற்றை எழுத முனைந்தால், மணலும் நாணலும் வானமுமாக இரண்டு பக்கம் நிறைகிறதே தவிர, அங்கே நான் உணர்ந்தது ஒரு வரியில்கூட வருவதில்லை. நிலத்திலிருந்து எழுதுகிறவர்கள் இதை எப்படிக் கடக்கிறீர்கள்?

மறுமொழி 1:
நீங்கள் சொன்ன மூன்றுமே கண்ணுக்கு உரியவை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகப் பெருமூளைப் புறணியை அடைய, மணம் மட்டும் அந்தச் சுற்றுவழி இல்லாமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை எட்டிவிடுகிறது. மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின், மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள். அது காற்றில் மிக மிகச் சிறிதளவு கலந்திருந்தாலே நம் மூக்கு அறிந்துகொள்ளும். என் நாவலின் ஓர் அத்தியாயம் மாதக்கணக்கில் நகராமல் நின்றது. ஒருநாள் கிணற்றிலிருந்து இழுத்துப் போட்ட ஈரக் கயிற்றின் வாடை முகத்தில் அடித்தபோதுதான், அந்த வீட்டுப் பெண் எதற்காக விடியுமுன் எழுகிறாள் என்பதே எனக்குப் புலப்பட்டது.

மறுமொழி 2:
மணம் கதவைத் திறக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லவில்லை, பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. உரிப்பொருளான மன உணர்வு அவ்விரண்டோடும் பிணைந்தே வருகிறது. உங்கள் ஆற்றுக்குப் பொழுது இல்லை. ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1878இல் வெளியிட்ட ஒரு நாவலின் முதல் அத்தியாயம் முழுவதும் புதர் மண்டிய மேட்டுநிலம்தான், கதைமாந்தர் எவரும் அதில் வருவதில்லை. ஆயினும் நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை அந்தி அதன்மேல் கவிந்துகொண்டிருப்பதால் நாம் காத்திருக்கிறோம். எந்த மாதம், எந்த நேரம், அந்த நேரத்தில் அங்கே நடக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாணல் தானாக வந்து சேரும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டு பக்கத்தையும் நீக்கிவிட்டு, கோடையின் ஒரு பிற்பகலை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேல்மணல் சுட்டது, கட்டைவிரலால் கிளறினால் ஒரு சாண் ஆழத்தில் ஈரம் தட்டியது, அழுகிய இலையின் வாடை எழுந்தது. ஈரம் தெரிந்த பிறகும் அந்தச் சிறுவன் தோண்டிக்கொண்டே இருந்தது வீட்டுக்குப் போக மனமில்லாமல்தான் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. நாவல் இப்போது அந்தக் குழியிலிருந்து தொடங்குகிறது.