பழைய 580, புது 600 ஹெட்ஃபோன் இரண்டையும் ஒரே உட்காரலில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

தோபாயோ_காது:

போன மாதம் நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். தோ பாயோவில் ஓர் அங்கிள் சென்ஹைசர் எச்.டி. 580-ஐ விற்கப் போட்டிருந்தார், 130 சிங்கப்பூர் வெள்ளி. என்னிடம் புது எச்.டி. 600 இருக்கிறது, வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. 600 வந்தது 1997இல், 580 அதற்கு முந்தியது, இரண்டுக்கும் மின்தடை 300 ஓம், காதில் உட்காரும் பேட், கேபிள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாததா. என்னுடையதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கிள் வீட்டில் ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவர், அதில் வீணைக் கச்சேரி சிடி. முதலில் 580-ஐப் போட்டேன். வீணை மடிக்கு வந்துவிட்டது. மீட்டும்போது நகம் தந்தியில் உரசுவது வரை கேட்கிறது. அப்புறம் என்னுடைய 600. விருந்தாளி வரப்போகிறார் என்று துடைத்து அடுக்கிவைத்த ஹால் மாதிரி இருந்தது, எல்லாம் இடத்தில் இருக்கிறது, ஆனால் உட்காரத் தோன்றவில்லை. "பழசு பழசுதான் அங்கிள், இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள்" என்று அளந்துவிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டையும் வாங்கி, பேடைப் பிடித்து இழுத்தார், டப் டப்பென்று நாலும் கையோடு வந்தது. 580-இன் பேட் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அதை என் 600-இல் மாட்டினார், என்னுடையதை 580-இல். "இப்பக் கேளு."

மடியில் இருந்த வீணை என் 600-க்கு இடம் மாறியிருந்தது.

"நீ கேட்டது பஞ்சைத் தம்பி" என்றார். அப்படியும் 130 வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்தேன், பேரம்கூடப் பேசவில்லை. ஏன் வாங்கினேன்?

சந்தைக்காரன்:

இதைக் கேளுங்கள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடினார்கள் இல்லையா, அதற்குச் சில வாரம் முன்னால் தரையில் விரித்த பாயில் ஓர் ஏ.கே.ஜி. கே 240 கிடந்தது. பழையது, 600 ஓம், ஒலி எழுப்பும் டிரைவரைச் சுற்றி ஆறு சின்னச் சவ்வு இருக்குமே, அந்த ரகம். 20 வெள்ளி. போனில் சொருகினால் கொசு பாடுகிறது. அண்ணன் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன், இரவு ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் கூடம் ஒன்று கட்டியது மாதிரி ஒலி.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு சீன ஆன்ட்டி என்னையே பார்க்கிறார், பிறகு கைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார். காது, கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் கறுப்புத் தூள். பேடின் தோல் உதிர்ந்து ஒட்டியிருக்கிறது, குளித்தும் போகவில்லை, அந்தக் கோலத்தில் எம்.ஆர்.டி. ரயிலில் முக்கால் மணி நேரம் வந்திருக்கிறேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை பாருங்கள்.

இப்போது புது கே 240 வைத்திருக்கிறேன், 55 ஓம், போனே போதும், பேஸும் கூடுதல். ஆனால் அந்தக் கூடம் இல்லை. இது பேட் விஷயம் மட்டும் இல்லை, உள்ளே இருந்த ஆறு சவ்வும் புதியதில் கிடையாது. முதலில் எழுதியவரின் அங்கிள் சொன்னது அவர் வைத்திருந்த ஜோடிக்குச் சரி, எல்லாவற்றுக்கும் செல்லாது.

அளந்துபார்:

கே 240 பாதி திறந்த ரகம். இங்கே பேச்சு ஓப்பன் பேக், அதாவது பின்பக்கம் முழுக்கத் திறந்த ரகம் பற்றி.

என் கதை சின்னது. எச்.டி. 650, 2003இல் வந்ததே அதில் ஆரம்ப காலத்து ஒன்றையும், புதிதாக வாங்கிய ஒன்றையும் நண்பன் மாற்றி மாற்றிக் கொடுக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன், அதாவது காசு சுண்டியதற்குச் சமம். அவ்வளவுதான்.

ஆனால் தோபாயோ_காது செய்த ஒப்பீட்டில் இன்னும் ஓட்டை இருக்கிறது. ஒலி அளவைச் சமப்படுத்தினீர்களா? ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று மனசு சொல்லும், கூடுதல் சத்தம் என்றே தெரியாது. பேட் தட்டையானால் காது டிரைவருக்கு நெருங்குகிறது, அளவும் மாறும், மேல் ஸ்தாயியின் சாயலும் மாறும், இரண்டையும் பிரிக்காமல் பஞ்சு என்று ஒரே வார்த்தையில் முடிப்பது அங்கிளுக்கு வேண்டுமானால் அழகு. அடுத்து, அந்த ரிசீவர். பழைய ரிசீவர் பலவற்றில் ஹெட்ஃபோன் துளைக்கு முன்னால் பெரிய ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். 600 பெயருக்குத்தான் 300 ஓம், பேஸில் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதைவிட நன்றாக மேலே ஏறும், அதனால் அப்படிப்பட்ட ரிசீவரில் அந்த இடம் மட்டும் லேசாகப் பெருக்கும். இரண்டு ஜோடிக்கும் ஒரே மாதிரிதானே பெருக்கும் என்பீர்கள். சரி, ஆனால் நாலு மாதமாக வீட்டில் வேறு ஆம்பில் கேட்டுப் பழகிய 600 அங்கே அந்நியமாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்புறம் பிடி. புது 600 தலையை இறுக்கும், பழசு தளர்ந்திருக்கும், பேட் எவ்வளவு அமுங்குகிறது என்பது அதையும் பொறுத்தது.

கறுப்புத் தூள் அண்ணனுக்கு: செயற்கைத் தோல் இந்த ஊர் ஈரத்தில் உதிரத்தான் செய்யும், இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். கேமரா வைக்கும் ட்ரை கேபினெட், அதாவது ஈரத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்று வாங்குங்கள், 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள், அதற்கும் கீழே போகவேண்டாம். உதிர ஆரம்பித்த பேடை எறிந்துவிடுங்கள், துடைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வெல்வெட் மாதிரித் துணி போட்ட பேடிலும் உள்ளே இருக்கும் பஞ்சு காலப்போக்கில் செத்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. வாங்கிய தேதியை உள்பக்கம் பேனாவால் எழுதிவையுங்கள். கேபிள் முனையை...

சந்தைக்காரன்:

அண்ணே, நான் ஆலோசனை கேட்கவே இல்லையே. அந்த ஜோடியைக் கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது.

பொங்கோல்_வாசி:

நீங்கள் ஒலியைப் பற்றியே பேசுகிறீர்கள், என் வீட்டில் பிரச்சினை வேறு. பேயர்டைனமிக் டிடி 990, அப்பாவுடையது, 600 ஓம். அது 1985இல் வந்த மாடல். போன வருடம் புது டிடி 990 புரோ எக்ஸ் வாங்கினேன், 48 ஓம், கேபிளைக் கழற்றலாம், மடிக்கணினியிலேயே தாராளமாகப் பாடுகிறது. பழையதில் கேபிள் ஒட்டிப் பிறந்தது, மாமியார் ஒருமுறை தடுக்கி விழப் பார்த்தார்.

பிள்ளை தூங்கியபின் ஹாலில் உட்கார்ந்து கேட்பேன். ஓப்பன் பேக், பாதி ஒலி வெளியேதான் போகும், தெரியும். பழையதைக் கேட்டபோதெல்லாம் யாரும் எதுவும் சொன்னதில்லை. புதியது வந்த முதல் வாரம், இரவு பதினொன்றரை மணிக்கு மாமியார் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "யாரும்மா இந்நேரத்தில் ஜால்ரா தட்டுறது, கீழே பஜனையா" என்கிறார். புது ஹெட்ஃபோனின் ட்ரெபிள் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது!

பழையது மென்மை என்று எனக்கே ஒரு கர்வம் இருந்தது. அப்புறம் யோசித்தால், மடிக்கணினியில் சொருகிய 600 ஓம் அத்தனை சத்தமாகப் பாடியதே கிடையாது. மென்மை எங்கே இருந்தது, பாதிப் பசியில் பாடியிருக்கிறது பாவம். ஆனால் அப்பா வைத்திருந்தது, விற்கமாட்டேன்.

அளந்துபார்:

சகோதரி, 600 ஓமுக்கு ஓர் ஆம்ப் வாங்குங்கள், 150 வெள்ளிக்குள் கிடைக்கும். வாங்கும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள்.

பொங்கோல்_வாசி:

மாமியாரிடம் நீங்கள் வந்து சொல்கிறீர்களா?

பழையசோறு:

எல்லாரும் 580, 650 என்கிறீர்கள். எங்கள் தாத்தாவிடம் எச்.டி. 414 இருந்தது, 1968இல் வந்தது, திறந்த ரகத்துக்கே அதுதான் முன்னோடி, 2000 ஓம், மஞ்சள் பஞ்சு. பேடையே சோப்புப் போட்டுக் கசக்கி வராந்தாவில் மூங்கில் கம்பில் சட்டைகளோடு காயப்போடுவார். மஞ்சளாக இரண்டு வட்டம் ஒன்பதாவது மாடியில் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் காற்றில் ஒன்று பறந்தேபோய்விட்டது, தாத்தா கீழே போய்ப் புல்வெளி முழுக்கத் தேடினார், நானும் கூடப் போனேன். கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த ஒன்றை வைத்து இடது காதில் மட்டும் செய்தி கேட்பார்.

அளந்துபார் அவர்களே, இதற்கு ஒலி அளவைச் சமப்படுத்த வழி இருந்தால் சொல்லுங்கள்.

சந்தைக்காரன்:

😂 தோபாயோ_காது எங்கே போனார்? எந்தப் பேட் எதில் இருக்கிறது இப்போது?

தோபாயோ_காது:

இருக்கிறேன், வேலை. ஒலி அளவைச் சமப்படுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன், அந்த வீட்டில் அங்கிள் முன்னால் மீட்டரை எடுத்து நீட்டவா முடியும்.

பேட் விஷயம் கேட்டீர்கள். அங்கிள் திரும்ப மாற்றிப் போடவே இல்லை. நானும் கேட்கவில்லை, எம்.ஆர்.டி.யில் பையைத் திறந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். அப்பளம் என் 600-இல், நாலு மாதப் பேட் 580-இல். அப்படியே விட்டுவிட்டேன். போன வாரம் தம்பி வந்தான், தேசிய சேவையில் இருக்கிறான், இதில் எல்லாம் ஆர்வம் கிடையாது. 580-ஐக் கொடுத்து அதே வீணையைப் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, புதுசு வாங்கினியா" என்றான்.