மறு: வீட்டுல கார் சார்ஜ் போடுற பாயிண்டுக்கு தமிழ்ல என்ன? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

மண்டபம் பயிற்றுநர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற திங்கக்கிழமை வயர்மேன் பசங்களுக்கு ஒரு பக்க நோட்ஸ் குடுக்கணும், வீட்டுல எலக்ட்ரிக் காருக்கு தனி பாயிண்ட் எப்படி இழுக்குறதுன்னு. விஷயமெல்லாம் எழுதிட்டேன், பேருலதான் மாட்டிக்கிட்டேன். மூணு பொருள் இருக்கு. ஒண்ணு சுவத்துல இருக்குற 16 ஆம்ப் பிளக் பாயிண்ட். ரெண்டாவது, சுவத்துல மாட்டுற பெட்டி, அதுலேருந்து பெட்ரோல் பங்க் கன் மாதிரி தலை வச்ச கேபிள் வரும். மூணாவது காருக்குள்ளயே இருக்குற நெசமான சார்ஜர். மூணையும் பசங்க சார்ஜர்னுதான் சொல்றாய்ங்க. நானும் மூணுக்கும் மின்னேற்றின்னு போட்டுப் பாத்தேன், "மின்னேற்றியை மின்னேற்றியில் செருகி மின்னேற்றிக்கு மின்சாரம் கொடுக்கவும்"னு வந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. குறிப்பா அந்த ரெண்டாவது பெட்டிக்கு ஒரு பேர் குடுங்க, புண்ணியமாப் போகும்.

பரமக்குடி புலவர் எழுதியது:

அன்புடையீர், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளிப் பாடநூலில் மின்னூட்டம் என்பது துகளின் பண்பு, கூலூமில் அளப்பது. அதை வண்டிக்கு ஏற்றும் செயலுக்குப் போடக் கூடாது. ஏற்றுதல் சரியான சொல். விளக்கேற்றுகிறோம், பாரம் ஏற்றுகிறோம், கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவருவது ஏற்றம். ஆகவே மின்னேற்றம். சார்ஜ் என்று எழுதுவதை இந்தக் குழுவிலாவது நிறுத்துங்கள். வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, என்றார் தொல்காப்பியர்.

தொண்டி எழுதியது:

அய்யா, சார்ஜ் எங்க வடக்கேருந்து வந்துச்சு, அது கப்பல்ல வந்த சொல்லு :) ஆம்பியர் பிரெஞ்சுக்காரரு, வோல்ட்டா இத்தாலிக்காரரு, அவங்க பேரை மட்டும் விட்டுட்டு சார்ஜை மட்டும் துரத்துனா எப்படி. ஆனா ஏத்துறதுங்குறது எனக்கும் சம்மதம்தான், எங்க அம்மாவே "போனுக்கு சார்ஜ் ஏத்துனியா"ன்னுதான் கேக்கும்.

தேவிபட்டினம் எலக்ட்ரீசியன் எழுதியது:

சார் பேரு என்னமும் வைங்க, நோட்ஸுல இதெல்லாம் இருக்கான்னு மொதல்ல பாருங்க. 16 ஆம்ப் பிளக்குல கார் 3.3 கிலோவாட் இழுக்கும், ஒரு 30 யூனிட் பேட்டரின்னா 9, 10 மணி நேரம் நிக்காம ஓடும். கெய்சர் மாதிரி பத்து நிமிசத்துல ஆஃப் ஆகுற சமாச்சாரம் இல்ல இது. போன மாசம் ஒரு வீட்டுல பாத்தேன், வாஷிங் மெஷின் பாயிண்டுலயே ராத்திரி பூரா போட்டுருக்காக, சாக்கெட் உள்ள இளகிப்போயி பிளக்கைப் புடுங்கவே முடியல. கடக்காத்துல பித்தளையெல்லாம் பச்சை பூத்துருது, காண்டாக்ட் லூசாவுது, லூசான எடம் சூடாவுது, அவ்வளவுதான் கதை. அதனால போர்டுலேருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரு, 20 ஆம்ப் எம்சிபி (லோடு மீறுனா தானா விழுற சுவிட்சு), நடுவுல ஜாயிண்ட் போடப்படாது. சுவத்துப் பெட்டி 7.4 கிலோவாட்டுன்னா 32 ஆம்ப், அதுக்கு 40 ஆம்ப் எம்சிபி, 6 ஸ்கொயர், தூரம் கூடுனா 10. ஈ.பி.ல லோடு கூட்டி வாங்காம இதெல்லாம் மாட்டப்படாதுன்னு பெருசா எழுதுங்க.

மண்டபம் பயிற்றுநர் எழுதியது:

அண்ணே அதெல்லாம் இருக்கு. ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தட்டி லைனை அறுக்குற சுவிட்சு, 30 மில்லி ஆம்ப்னும் போட்டுட்டேன். கடையில குடுக்குற சாதா ஏசி டைப், ஏசி கரண்ட் கசிவை மட்டும் பாக்குறது, போதாது, கார்லேருந்து டிசி கசிஞ்சா அது மந்தமாயிரும், தட்ட வேண்டிய நேரத்துல தட்டாது, அதனால டைப் ஏ-வும் பெட்டிக்குள்ள 6 மில்லி ஆம்ப் டிசியைக் கண்டுபுடிக்கிற அமைப்பும் வேணும், இல்லாட்டி டிசி கசிவையும் தானே கண்டுபுடிக்கிற டைப் பி. பேரைச் சொல்லுங்கண்ணே.

கீழக்கரை எழுதியது:

நான் ஊருக்குப் புதுசா கார் எடுத்து ஆறு மாசம் ஆச்சு, அதனால பேசுறேன். அந்தப் பெட்டி சார்ஜரே இல்ல, அதை மொதல்ல பசங்களுக்குச் சொல்லுங்க. ஏசியை டிசியா மாத்துறது காருக்குள்ள நடக்குது. பெட்டி என்ன பண்ணுது? கன்னைச் செருகுனதும் 12 வோல்ட்ல ஒரு சின்ன சிக்னல் விட்டு "என்கிட்ட இத்தனை ஆம்ப்தான் இருக்கு"ன்னு காருகிட்ட சொல்லுது, கார் சரின்னா உள்ள இருக்குற காண்டாக்டர்ங்குற சுவிட்சு சேருது, அப்பதான் கரண்ட் போகுது. அதுவரைக்கும் கன் முனையில ஷாக் அடிக்கிற கரண்டே கெடையாது, மழையில கையில புடிச்சிருந்தாலும். அப்ப இது என்ன வேலை? நம்ம கண்மாய்ல மடை பாக்குற வேலை. தண்ணியை உண்டாக்குறதும் இல்ல, சேத்து வைக்கிறதும் இல்ல, எவ்வளவு விடணுமோ அவ்வளவு தொறந்து விடுறது. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைம்பாங்க, அந்த மடை. நான் சொல்ற பேரு மின்மடை.

பரமக்குடி புலவர் எழுதியது:

கீழக்கரையாரே, வாழ்க! நீங்கள் அறிந்தோ அறியாமலோ ஆழமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். மடு என்ற வினையை நோக்குங்கள். உட்கொள்ளச் செய்தல், ஊட்டுதல். செவிமடுத்தல் என்கிறோமே, செவிக்கு ஊட்டுவது. தெய்வத்துக்கு வைக்கும் சோறும் மடை, அதனால்தான் மடைப்பள்ளி. வயலுக்கு நீர் ஊட்டும் வாயும் மடை. அப்படியானால் வண்டிக்கு மின் ஊட்டும் வாய் மின்மடை. இதோடு நிற்காமல் வினையும் கிடைக்கிறது, மின்மடுத்தல். "கார் மின்மடுக்கிறது." "இரவில் மின்மடுத்து வைத்தேன்." மின்னேற்றம் என்று நேற்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

தொண்டி எழுதியது:

"மின்மடுத்து வைத்தேன்"னு எங்க அப்பாகிட்ட சொன்னா கரண்ட் அடிச்சிருச்சான்னு ஓடி வருவாரு அய்யா. மடையன்ங்குறதை எப்படிச் சமாளிக்கப் போறீங்க? பெட்டியை மாட்டுறவரு மின்மடையரா?

பரமக்குடி புலவர் எழுதியது:

மடையன் வேறு, மடம் என்னும் அறியாமையிலிருந்து வந்தது அது. மடை திறக்கும் மடையரைப் பழிச்சொல்லோடு சேர்ப்பது பிற்கால மயக்கம். விரிவாக எழுதுகிறேன்.

சாயல்குடி எழுதியது:

விரிவா எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம். மின்மடையும் மின்தடையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே ஒரு எழுத்து. நம்ம ஊர்ல மின்தடைன்னா என்ன? "நாளை மின்தடை" பேப்பர்ல வாரா வாரம் வருது. கிளாஸ்ல மின்தடைன்னா ஓம்ல அளக்குற ரெசிஸ்டன்ஸ். மங்கலான ஜெராக்ஸ்ல "மின்மடைக்கு தனி இணைப்பு கொடுக்கவும்"ங்குறதை ஒரு பையன் மின்தடைக்குன்னு படிச்சா என்ன செய்வான்? கமுதியில 648 மெகாவாட் சோலார் இருந்தும் சாயங்காலம் எங்க தெருவுல வோல்டேஜ் எறங்குது, எங்களுக்கு மின்தடைதான் நல்லாத் தெரிஞ்ச சொல்லு.

மண்டபம் பயிற்றுநர் எழுதியது:

அட ஆமால்ல. இப்ப போன்ல தட்டுனேன், மின்மடைன்னு அடிச்சா அதுவே மின்தடைன்னு மாத்திக் குடுக்குது. ரெண்டு தடவ.

கீழக்கரை எழுதியது:

போனு மாத்துதுன்னு சொல்லை விட முடியுமா. கடல் ஓரம் வேலி போடுறவன் துருவுக்குப் பயந்து இரும்பே வேணாம்பானா.

தேவிபட்டினம் எலக்ட்ரீசியன் எழுதியது:

காக்கா, அதான் கீழக்கரை அண்ணே, துருன்னதும் ஞாவகம் வருது. எர்த் குழியில கரியும் உப்பும் போட்டு ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசுன இரும்பு) எறக்குவோம்ல, நம்ம மண்ணுல உப்புக்குப் பஞ்சமா. ஆனா அதே உப்புதான் பைப்பைத் தின்னுருது, சில எடத்துல நாலஞ்சு வருசத்துல தோண்டிப் பாத்தா பைப் சல்லடையா இருக்கு. மேல் மணல் காஞ்சு கெடந்தா எர்த்தே கெடைக்காது, ஈர மண்ணு வர்ற வரைக்கும் எறங்கணும், காப்பர் ராடு போட்டா நிம்மதி. எர்த் டெஸ்டர்னு ஒரு மீட்டர் இருக்கு, அதை வச்சு அளந்து 5 ஓமுக்குள்ள வந்தாத்தான் கார் பாயிண்டுக்கு லைன் குடுப்பேன். நல்ல பெட்டி எர்த் சரியில்லன்னா தொறக்கவே தொறக்காது, செவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே நிக்கும், கஸ்டமர் பெட்டி ரிப்பேருன்னு எனக்கு போன் போடுவாக. வெளி சுவத்துல மாட்டுனா தூசியும் தண்ணியும் உள்ள போகாத ஐபி 65 பெட்டி, சாரலு நேராப் படாத பக்கம். இதுல ஒண்ணையும் விட்றாதீங்க, பேரை விட்டாலும் பரவால்ல.

பரமக்குடி புலவர் எழுதியது:

இடையில் சொல்ல மறந்தேன், பிளக் பாயிண்டுக்குக் குதை என்று சொல்லலாம். வில்லில் நாண் பூட்டும் இடம் குதை. நாண் குதையில் பொருந்துவதுபோல் செருகி

தொண்டி எழுதியது:

அய்யா பாதி மெயில்லயே போயிருச்சு. குதைன்னா எனக்கு குதிக்கிறதுதான் வருது. செருகுவாய்னு வச்சுக்கலாமே, பாத்த உடனே புரியுது, செருகுறது, வாய், வேற என்ன வேணும். பெட்டிக்கு மின்னேற்று முனை. காருக்குள்ள இருக்குறது உள் மின்னேற்றி. மூணும் தனித்தனியா நிக்குது, ஒண்ணும் மின்தடை ஆகாது.

சாயல்குடி எழுதியது:

+1. எனக்கு முனைங்குறது அவ்வளவு புடிக்கல, ராமேஸ்வரம் பக்கம் முனைன்னாலே அரிச்சல்முனைதான், ஆனா சரி, தூக்கம் வருது.

கீழக்கரை எழுதியது:

முனைன்னா கூர்மையான நுனி. பெட்டி கூராவா இருக்கு? அது தொறந்து மூடுற சமாச்சாரம்னு இத்தனை மெயில்ல சொல்லியும் கடைசில பங்குல தொங்குற கன்னுக்குப் பேர் வச்சிட்டு எந்திரிக்கிறீங்க. அந்தப் பையன் நாளைக்கு பெட்டியைத் தொறந்து உள்ள சார்ஜர் எங்கன்னு தேடுவான், அதுக்கு நீங்கதான் பொறுப்பு.

மண்டபம் பயிற்றுநர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணி, ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப்ல காத்துக்கிட்டு இருக்காரு. செருகுவாய், மின்னேற்று முனை, உள் மின்னேற்றின்னு போட்டுட்டேன், பக்கத்துல பிளக் பாயிண்ட், வால் பாக்ஸ், கார் சார்ஜர்னு தமிழ் எழுத்துலயே அடைப்புக்குறிக்குள்ள குடுத்துருக்கேன். கீழக்கரை அண்ணன் சொன்ன மடை உதாரணத்தை விளக்கப் பகுதியில அப்படியே எடுத்துக்கிட்டேன், அது இல்லாம பசங்களுக்குப் புரியாது. எர்த்துங்குறதை எர்த்துன்னே விட்டுட்டேன், அதுக்கு ஒரு சண்டை வேணாம்.

பரமக்குடி புலவர் எழுதியது:

எர்த்தை விட்டது பெரும்பிழை. நிலத்தொடுப்பு இருக்கிறது, புவியிணைப்பு இருக்கிறது, இரண்டில் எது என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். குதைக்கும் விடை வரவில்லை.

மண்டபம் பயிற்றுநர் எழுதியது (செவ்வாய்):

கிளாஸ் முடிஞ்சுது. பசங்க மூணையும் வாசிச்சாய்ங்க, பரவால்ல. பிராக்டிகல்ல பேசுறப்ப எல்லாரும் "கார் பாயிண்டு"ன்னுதான் சொல்றாய்ங்க. ஆனா ஒருத்தன் மட்டும் பெட்டியில பச்சை லைட் வந்ததும் "சார் மடை தொறந்துருச்சு"ன்னான்.

கீழக்கரை எழுதியது:

அந்தப் பையன் எந்த ஊருன்னு கேளுங்க தம்பி. எங்க வீட்டு மெயின் போர்டுல அந்த 40 ஆம்ப் எம்சிபிக்குக் கீழ மார்க்கர்ல மடைன்னு நான் எழுதி மூணு நாளாச்சு, வீட்டம்மா இன்னும் அழிக்கல.