மல்லி பூவா, மசாலாவா?

வைகைக்கரையான்:
நேற்று டீக்கடையில் பாதியில் நின்ற பேச்சை இங்கே இழுத்துவிடுகிறேன். வலையில் கிடக்கும் எழுத்தைப் படித்தே கணினி உலகத்தைத் தெரிந்துகொள்ளும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் 'நெல்' என்றொரு நிரலை ஓடவிட்டது (நம்ம வயல் நெல் இல்லை). ஊர், ஆள், விளையாட்டு அணி என்று நூற்றுக்கணக்கான வகைகள், வகைக்குப் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டு. மிச்சத்தை அதுவே இரவு பகலாகப் படித்துச் சேர்த்தது.

பூக்கடை மருமகன்:
தம்பி, அந்த நெல்லில் இருந்த பதரையும் சொல்லு. இன்டர்நெட் குக்கீயை (வலைத்தளம் நம்ம கணினியில் போட்டுவைக்கும் குட்டி ஃபைல்) தின்கிற குக்கீ பிஸ்கட் என்று நினைத்து, அடுப்பில் சுட்ட பலகாரத்தில் சேர்த்ததே! குக்கீயை அழித்தேன், ஃபைலை அழித்தேன் என்று மக்கள் ஒரே மாதிரி எழுதுவதால் ஃபைலும் பலகாரம் ஆகிவிட்டது.

நம்மூரில் என்ன ஆகும்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 'மல்லி என்ன விலை' என்றால் பூ. வீட்டில் 'மல்லியை வறுத்து அரை' என்றால் யாரும் பூவை வாணலியில் கொட்ட மாட்டார்கள். இரண்டையும் படித்துவிட்டு மல்லி மசாலாதான் என்று அது முடிவு கட்டினால், விலைப் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் பிச்சி, முல்லை, கனகாம்பரம் எல்லாம் மசாலா. அப்புறம் கனகாம்பரச் சாம்பார்தான்.

வைகைக்கரையான்:
அதற்குத்தான் வேலி வைத்தார்கள் அண்ணே. ஊராக இருப்பது ஆளாக இருக்க முடியாது என்கிற மாதிரி. முதல் ஆறு மாதம் கைபடாமல் ஓடியது, அப்புறம் மனிதர்களும் அவ்வப்போது பார்த்துத் திருத்தினார்கள்.

பூக்கடை மருமகன்:
வேலி போட்டால் முதல் அடி மல்லிக்குத்தான். பூவும் அதுவே, மசாலாவும் அதுவே. எந்தப் பக்கம் நிற்கும்?

திருமங்கலம் டீச்சர்:
கனகாம்பரச் சாம்பாருக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் அண்ணே, நமக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? பக்கத்துச் சொல்லை வைத்துத்தானே? வறுத்து, அரைத்து என்று வந்தால் மசாலா. முழம், தொடுத்து என்று வந்தால் பூ. 'நெல்' பழைய கதை. 2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் என்ற மொழி நிரலே முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்துத்தான் ஒரு சொல்லை எடைபோட்டது. எல்லா இடத்துக்கும் ஒரே முத்திரை குத்தவில்லை.

பூக்கடை மருமகன்:
சரி டீச்சர். 'மல்லி வாடிப்போச்சு.' இதற்கு என்ன சொல்லும்? தழையும் வாடும், பூவும் வாடும்.

திருமங்கலம் டீச்சர்:
கூடையைப் பார்க்காமல் நானே சொல்ல முடியாதே!

பூக்கடை மருமகன்:
கணினிக்குக் கூடை எங்கே இருக்கிறது? என் மாமனார் மொட்டை விரலில் உருட்டிப் பார்த்தே எப்போது விரியும் என்று சொல்லிவிடுவார். அதை எந்தப் பக்கத்தில் படிக்கும்?

வைகைக்கரையான்:
நீங்கள் எழுதிப் போட்டால் படிக்கும்.

பூக்கடை மருமகன்:
விடிகாலை நாலு மணிக்கு மூட்டையைப் பிரிக்கிறவனிடம் எழுதச் சொல்கிறாய். நீ வா, அவர் சொல்வார், நீ எழுது. வரும்போது டீயும் நீயே வாங்கிட்டு வா.